சோகி, சீலை, கோப்பி

எங்கள் உயர்தர வரலாற்றுக் குறிப்பில் அத்திலாந்திக் அடிமை வியாபாரம் இரண்டு பக்கங்களில் முடிந்துவிடுகிறது. இடப்பக்கத்தில் பொருளாதாரக் காரணங்கள் ஐந்து. வலப்பக்கத்தில் விளைவுகள் ஐந்து. ஹெந்தளையிலிருந்து கொழும்புக்கு வரும் பஸ்ஸில் களனி கங்கைப் பாலத்தைத் தாண்டுவதற்குள் பத்தையும் பாடமாக்கிவிடலாம். ஐரோப்பா, ஆபிரிக்கா, அமெரிக்கா என்று மூன்று கண்டங்களைக் கோடிட்டு இணைத்து ஒரு முக்கோணமும் வரைந்திருக்கும். அந்தப் படத்தில் இந்து சமுத்திரமே இல்லை. இந்த முக்கோணத்துக்கு வெளியே எங்கோ இருக்கும் ஒரு தீவில் பிறந்த நாங்கள் இதை ஏன் படிக்கிறோம் என்று ஒரு தோழி கேட்டாள். பரீட்சைக்கு என்று இன்னொருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்தோம்.

கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. நூலகத்திலும் வீட்டிலுமாகத் தேடியபோது அந்த முக்கோணத்தின் கோடுகள் எங்கள் கடற்கரையையும் தொட்டுச் சென்றிருப்பதைக் கண்டேன். தேடிக் கண்டதைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த ஐந்து காரணங்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அமெரிக்கக் கண்டத்தில் ஐரோப்பியர் கைப்பற்றிய நிலம் ஏராளம். அந்த நிலத்தின் சொந்தக்காரர்களோ போரினாலும் ஐரோப்பியர் கொண்டுவந்த அம்மை போன்ற நோய்களாலும் பெருந்தொகையாக இறந்துபோனார்கள். நிலம் இருந்தது, கை இல்லை. அந்த நிலத்தில் விளையக்கூடிய கரும்புக்கு ஐரோப்பாவில் நல்ல விலை இருந்தது. கரும்பு பொறுத்திருக்காத பயிர். வெட்டியவுடன் ஆலையில் பிழிய வேண்டும், பிழிந்தவுடன் காய்ச்ச வேண்டும். இரவும் பகலும் ஓயாத வேலை. கூலிக்கு வந்தவன் வேறு இடத்தில் நிலம் கிடைத்தால் போய்விடுவான். போக முடியாதவன்தான் தோட்டக்காரனுக்குத் தேவைப்பட்டான்.

16ஆம் நூற்றாண்டு தொடக்கம் 19ஆம் நூற்றாண்டு வரை ஏறத்தாழ 12.5 மில்லியன் ஆபிரிக்கர் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள். கரை சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 10.7 மில்லியன். இடையிலுள்ள வித்தியாசம் கடலுக்குள் போனது. அடிமை என்றதும் எங்களில் பலருக்கு ஐக்கிய அமெரிக்காவின் பருத்தித் தோட்டம்தான் நினைவுக்கு வரும். ஆனால் வட அமெரிக்காவுக்கு நேரடியாகக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் 4 இலட்சத்துக்கும் குறைவு. பிரேசிலில் மட்டும் ஏறத்தாழ 4.8 மில்லியன் பேர் இறக்கப்பட்டார்கள். மிகப் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது கரும்பு விளைந்த இடங்களுக்கே. அங்கே பிறப்பை விட இறப்பு அதிகமாக இருந்தது. ஒருவரைப் பிள்ளையிலிருந்து வளர்த்தெடுப்பதை விடப் புதிதாக ஒருவரை வாங்குவது மலிவு என்று தோட்டக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். கப்பல்கள் திரும்பத் திரும்ப வந்தது அந்தக் கணக்கினால்தான்.

வாங்குவதற்கு ஏதாவது கொடுக்க வேண்டுமல்லவா? மேற்கு ஆபிரிக்கக் கரையில் எதைக் கொடுத்து மனிதரை வாங்கினார்கள்? துப்பாக்கி, சாராயம், இரும்பு என்று எங்கள் குறிப்பில் இருக்கிறது. அதில் இல்லாத இரண்டு பொருட்கள் எங்கள் பக்கத்திலிருந்து போனவை.

ஒன்று சோகி. என் உம்மும்மாவின் தகரப் பெட்டிக்குள் ஒரு சிறு சீலைப்பையில் சோகிகள் இருந்தன. மழை நாட்களில் எங்களுக்கு விளையாடத் தருவார். ஒரு பக்கம் வழுவழுப்பாக முதுகு, மறுபக்கம் பல் வைத்த வாய். இந்தச் சோகி மாலைதீவில் விளைவது. எங்கள் சம்பலுக்கு மாசி வரும் அதே இடம். 14ஆம் நூற்றாண்டில் மாலைதீவில் காழியாக இருந்த இப்னு பதூதா, அங்கே சோகி பணமாகப் புழங்குவதையும் வங்காளத்து அரிசிக்கு மாற்றாகக் கப்பலில் போவதையும் எழுதிவைத்தார். சில வருடங்களின் பின் மேற்கு ஆபிரிக்காவின் மாலி நாட்டுக்குப் போனவர், அங்கேயும் அதே சோகி நாணயமாக இருப்பதைக் கண்டார்.

ஐரோப்பியர் இதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். மாலைதீவு ஓடங்கள் மாசியோடும் கயிற்றோடும் சோகியையும் இலங்கைத் துறைமுகங்களுக்குக் கொண்டுவந்தன. இங்கே ஒல்லாந்தக் கொம்பனி அதை வாங்கியது. கப்பலின் அடிப்பாரமாகவே ஏற்றிச் செல்லலாம் என்பதால் கூலியும் குறைவு. அம்ஸ்டர்டாமில் அது ஏலம் போகும். வங்காளத்தின் வழியாகவும் சோகி லண்டனுக்குப் போனது. ஏலத்தில் எடுத்த வியாபாரிகள் அதைப் பீப்பாக்களில் அடைத்து மேற்கு ஆபிரிக்காவுக்கு அனுப்பினார்கள். 18ஆம் நூற்றாண்டில் மட்டும் இப்படிப் பல நூறு கோடி சோகிகள் போய்ச் சேர்ந்தன. அங்கே பல்லாயிரம் சோகிகளை எண்ணிக் கொடுத்து ஒரு மனிதரை வாங்கினார்கள். அடிமை வியாபாரத்துக்கு வேண்டிய சில்லறைக் காசு எங்கள் கரையைத் தொட்டுக்கொண்டுதான் போயிருக்கிறது.

மற்றது சீலை. சோழமண்டலக் கரையிலே தமிழ், தெலுங்கு நெசவாளர்கள் நெய்து சாயம் தோய்த்த பருத்திச் சீலைக்கு மேற்கு ஆபிரிக்காவில் பெரிய கிராக்கி இருந்தது. நீலம் தோய்த்த ஒரு வகைச் சீலைக்கு, அது போய்ச் சேரும் கரையின் பெயரால், கினி என்றே பெயர். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் அதை ஏற்றினார்கள். அடிமைகளுக்கு ஈடாகக் கொடுத்த பொருட்களில் இந்தியச் சீலைக்கு முக்கியமான பங்கு இருந்தது. தறியில் குனிந்திருந்த நெசவாளருக்குத் தன் சீலை எதற்கு விலையாகப் போகிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. கணக்குப் புத்தகம் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

சீலை ஏற்றிய அதே சோழமண்டலக் கரை, மனிதரையும் ஏற்றியது. அவர்கள் இறங்கிய இடங்களில் ஒன்று கொழும்பு.

என் உம்மும்மா பிறந்தது கொம்பனித் தெருவில். வீட்டில் ஆட்கள் பெருகி இடம் போதாமல் போனபோதுதான் குடும்பம் ஹெந்தளைக்கு வந்தது. கொம்பனித் தெருவைச் சிங்களத்தில் கொம்பஞ்ஞ வீதிய என்பார்கள். இரண்டிலும் கொம்பனி இருக்கிறது. ஆங்கிலத்தில் அதே இடம் நெடுங்காலமாக ஸ்லேவ் ஐலன்ட், அதாவது அடிமைத் தீவு, எனப்பட்டது. ஒரே இடத்துக்கு ஒரு மொழியில் உடைமையாளரின் பெயர், இன்னொரு மொழியில் உடைமையின் பெயர். ஒல்லாந்தர் காலத்தில் பகல் முழுவதும் கோட்டைக்குள் வேலை செய்த கொம்பனியின் அடிமைகள் இரவில் வாவியைக் கடந்து அங்கே கொண்டுபோய் அடைக்கப்பட்டார்கள். தப்பிப் போகாதிருக்க வாவியில் முதலைகள் இருந்தன என்பது உம்மும்மா சொல்லும் கதை. கொழும்பில் பலரும் சொல்லும் கதையும் அதுதான்.

அந்தக் கொம்பனி 1602இல் தொடங்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி. 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பையும், 1658இல் நாகபட்டினத்தையும் பிடித்தது. போரினால் இலங்கையின் தென்மேற்குப் பகுதி ஆளில்லாமல் கிடந்தது. வயல் இருந்தது, கை இல்லை. அத்திலாந்திக்குக்கு அப்பால் கேட்ட அதே முறைப்பாடு. அந்த நேரத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்தில் படையெடுப்பும் பஞ்சமும் ஒன்றாக வந்தன. 1659 முதல் 1661 வரை எட்டாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் இடைப்பட்டோர் அந்தக் கரையில் வாங்கப்பட்டு இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டார்கள். பசியினால் பெற்றோர் பிள்ளைகளை விற்றார்கள். தங்களையே விற்றவர்களும் உண்டு. மழை பொய்த்தால் நெல்லின் விலை ஏறியது, மனிதரின் விலை இறங்கியது. மழை பெய்து விளைச்சல் வந்துவிட்டால் விற்க ஆளில்லை. கொம்பனி அதிகாரிகள் இதை விளங்கிக்கொண்டு, பஞ்சம் வரும்போது வாங்கினார்கள். 1694 முதல் 1696 வரையிலான பஞ்ச காலத்திலும் அதே கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். அந்தக் காலத்துக் கொழும்பு நகரத்தின் குடிசனத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் அடிமைகள். வங்காளம், மலையாளக் கரை, இந்தோனேசியத் தீவுகள், ஆபிரிக்கா என்று பல திசைகளிலிருந்தும் வந்தவர்கள் அவர்களுள் இருந்தார்கள்.

ஆபிரிக்கரின் வழி வந்தவர்கள் இன்றும் எங்கள் அயலவர்கள். ஹெந்தளையிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் என்று வடக்கே போனால் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடி வருகிறது. போர்த்துக்கேயர் கொண்டுவந்தவர்கள், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியர் படைக்கென்று வாங்கிக் கொண்டுவந்தவர்கள் ஆகியோரின் சந்ததியினர் அங்கே வாழ்கிறார்கள். அவர்களுடைய மஞ்ஞா பாட்டில் இன்றும் போர்த்துக்கேயச் சொற்கள் கலந்திருக்கின்றன.

இங்கே ஒரு விடயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிரம்பியடி மக்களை நாம் காப்பிரியர் என்கிறோம். அந்தச் சொல் அரபு மொழியின் காஃபிரிலிருந்து வந்தது. போர்த்துக்கேயர் வருவதற்கு முன்பே கிழக்கு ஆபிரிக்கக் கரையில் மனிதரை விலைபேசியவர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். அவர்கள் முஸ்லிம் வியாபாரிகள். ஸன்ஸிபாரின் அடிமைச் சந்தை ஓமானிய சுல்தான்களின் ஆட்சியில் 1873 வரைக்கும் திறந்தே இருந்தது. அடிமையை உரிமை விடுவதை எங்கள் மார்க்கம் பெரும் நன்மையாக்கியது, சில பாவங்களுக்குப் பரிகாரமாகவும் விதித்தது. பிலால் (ரழி) அவர்களின் பெயரைச் சொல்லும்போது எங்கள் தலை நிமிர்கிறது. ஸன்ஸிபாரின் பெயரையும் அதே மூச்சில் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும். இலாபம் என்று வந்தபோது மனிதர்கள் தங்கள் வேதத்தை ஒரு கையாலும் தராசை மறுகையாலும் பிடித்திருந்தார்கள். கிறிஸ்தவக் கொம்பனியும் அப்படித்தான், எங்கள் வியாபாரிகளும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமையிலும் அடிமைகளைப் பற்றிய பகுதி உண்டு. யாரும் யாரையும் சுட்டுவிரல் நீட்டித் தப்பிக்க முடியாத கதை இது.

அதே ஒல்லாந்தர் காலத்தில் எங்கள் சோனகர் ஊழியம் என்ற கடமைக்கு உட்பட்டிருந்தார்கள் என்பதும் நினைவில் வைக்கத்தக்கது. செட்டிமாருக்கும் அதே விதி. வெளியார் என்று கணித்து, வருடத்தில் குறித்த காலம் கொம்பனிக்குக் கூலியின்றி வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்கீடாகப் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். பணம் உள்ளவர் கட்டித் தப்பினார். இல்லாதவர் சுமை தூக்கினார். இது அடிமைத்தனம் அல்ல. ஆனாலும் கூலி கொடுக்காமல் ஒரு கையைப் பெற எத்தனை வழிகளைக் கொம்பனி வைத்திருந்தது என்பதை இது காட்டுகிறது. எங்கள் ஊருக்கும் கொம்பனியைத் தெரியும். ஹெந்தளைத் தொழுநோய் வைத்தியசாலை 1708இல் ஒல்லாந்தர் தொடங்கியது. நோயாளரை ஒதுக்கி வைக்க ஒரு மதில், அடிமைகளை ஒதுக்கி வைக்க ஒரு வாவி. கொழும்புக்கு இரண்டு பக்கத்திலும் அதே கை.

இனி விளைவுகளின் பக்கம். கப்பல் கட்டியவர், காப்புறுதி செய்தவர், கடன் கொடுத்த வங்கிக்காரர், சீனி சுத்திகரித்தவர், துப்பாக்கி செய்தவர் என்று இந்த வியாபாரத்தால் வாழ்ந்தவர்களின் வரிசை நீளமானது. லிவர்பூலும் பிரிஸ்டலும் அதனால் வளர்ந்த நகரங்கள். பிரித்தானியக் கைத்தொழிற் புரட்சிக்கு அடிமை வியாபாரத்தின் இலாபம் துணைநின்றது என்று டிரினிடாட்டைச் சேர்ந்த எரிக் வில்லியம்ஸ் 1944இல் ஒரு நூலில் வாதிட்டார். பின்னாளில் அவரே தம் நாட்டின் முதற் பிரதமரானார். எவ்வளவு துணைநின்றது என்பதில் பொருளியலாளர் இன்றும் விவாதிக்கிறார்கள். மன்செஸ்டர் ஆலைகள் அரைத்த பருத்தியை அமெரிக்காவில் பறித்தவை அடிமைகளின் கைகள் என்பதில் விவாதமில்லை. ஆபிரிக்காவுக்கோ இளையோரின் உழைப்பு போனது. ஆட்பிடிக்கும் போர்களும் துப்பாக்கிகளும் மிஞ்சின.

நான் அதிகம் யோசித்தது விடுதலையின் கணக்கைப் பற்றித்தான். பிரித்தானியா 1807இல் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்தது. 1833இல் அடிமைமுறையையே ஒழிக்கச் சட்டம் இயற்றியது. ஏறத்தாழ 8 இலட்சம் பேர் விடுதலை பெற்றார்கள். அதற்கு நட்டஈடாக 20 மில்லியன் பவுண் ஒதுக்கப்பட்டது. அந்நாளில் அரசின் வருடாந்தச் செலவில் ஐந்தில் இரண்டு பங்கு. பணம் முழுவதும் உடைமையாளர்களுக்குப் போனது. உழைத்தவர்களுக்கு ஒரு சதமும் இல்லை. மாறாக, பழைய எசமானிடமே சில வருடங்கள் பயிலுநர் என்ற பெயரில் வேலை செய்துவிட்டு 1838இல்தான் முழுமையாக விடுபட்டார்கள். அந்த நட்டஈட்டுக்கு வாங்கிய கடனைப் பிரித்தானிய வரியிறுப்பாளர் கட்டி முடித்தது 2015இல். நாங்கள் ஆரம்பப் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்த காலம்! போராடித் தாமே விடுதலை பெற்ற ஹெயிட்டி மக்களிடமிருந்தும் பிரான்ஸ் 1825இல் 150 மில்லியன் பிராங் நட்டஈடு கேட்டது. பின்னர் அது 90 மில்லியனாகக் குறைக்கப்பட்டது. தங்களுக்குத் தாங்களே விலை கொடுக்கவென்று அந்த ஏழை நாடு தலைமுறை தலைமுறையாகக் கடன்பட்டது.

1833ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தேடிப் பார்த்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. அந்தச் சட்டம் இலங்கைக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கிழக்கிந்தியக் கொம்பனியின் ஆட்சிப் பகுதிகளும் சென் ஹெலனாத் தீவும் அவ்வாறே விலக்கப்பட்டன. இங்கே நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியால் 1816 ஓகஸ்ட் 12க்குப் பின் பிறக்கும் அடிமைகளின் பிள்ளைகளை விடுதலையாகக் கருதப் பல உடைமையாளர்கள் இணங்கியிருந்தார்கள். எஞ்சியது முற்றாக ஒழிந்தது 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தினால்.

அந்த வருடங்களில் மலைநாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? கோப்பி! விடுதலை பெற்ற மேற்கிந்தியர் பலர் பழைய தோட்டங்களில் வேலை செய்ய மறுத்தார்கள். அங்கே கோப்பி உற்பத்தி விழுந்தது. 1835இல் பிரித்தானியா இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் ஒரே தீர்வை என்றாக்கியது. 1837இல் ஜமெய்க்காவில் கோப்பிச் செய்கை பயின்ற ரைட்லர் என்பவர் வந்து கண்டிப் பக்கத்தில் மேற்கிந்திய முறையைப் புகுத்தினார். அன்றைய துரைமாரின் கைநூலாக இருந்தது லபோரி என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர் 1798இல் வெளியிட்ட நூல். ஹெயிட்டிப் புரட்சியில் தோட்டத்தை இழந்தவர் அவர். அந்த நூலில் கன்று நடும் முறையும் இருக்கிறது, அடிமைகளை நடத்தும் முறையும் இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரித்துக் காட்ட முடியாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியதாக்கியது. ஏக்கர் 5 சிலிங்குக்கு விற்ற காலமும் உண்டு. வாங்கியவர்களில் அரச அதிகாரிகளும் நீதிபதிகளும் இருந்தார்கள். நிலம் கிடைத்தது. விலை கிடைத்தது. கை?

கண்டிக் கிராமத்தவர் தம் வயலை விட்டு முழுநேரக் கூலிக்கு வரவில்லை. கை, மறுபடியும் அதே தமிழ்க் கரைக்கு அப்பாலிருந்து வந்தது. மதுரை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து மன்னாரில் இறங்கிக் காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். இவர்கள் அடிமைகள் அல்லர், யாரும் இவர்களை விலைக்கு வாங்கவில்லை. ஆனால் வழிச்செலவுக்குக் கங்காணி கொடுத்த முற்பணம் தோட்டத்துக்கு வந்து சேரும்போதே கடனாகத் தலையில் இருந்தது. அந்தக் கடன் தொகையை எழுதியது துண்டு. துண்டு இல்லாமல் வேறு தோட்டம் எடுக்காது. புதிய துரை கடனைக் கட்டினால்தான் பழைய துரை துண்டைக் கொடுப்பார். சங்கிலி இரும்பிலிருந்து காகிதத்துக்கு மாறியது. 1869இல் தோன்றிய இலைநோயினால் கோப்பி அழிந்து தேயிலை வந்த பின்னும் துண்டு அழியவில்லை. அது சட்டப்படி ஒழிந்தது 1921இல்.

இப்போது எங்கள் குறிப்பின் இரண்டு பக்கங்களையும் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. ஒரு காலத்தின் விளைவாக எழுதியிருப்பது அடுத்த காலத்தின் காரணமாகிவிடுகிறது. நட்டஈடு உடைமையாளருக்குப் போனதால் முதல் அவர்கள் கையிலேயே இருந்தது. அது வேறு நிலத்தையும் வேறு பசியையும் தேடிப் போனது. அடிமைமுறையைச் சட்டத்தால் ஒழிக்க முடிந்தது. ஓரிடத்தில் கை போதாமையும் இன்னோரிடத்தில் கஞ்சி போதாமையும் இருக்கும்வரை, அதைப் பிறப்பித்த காரணங்கள் சட்டத்துக்குப் பயந்து போய்விடுவதில்லை.

என் உம்மா குவைத்துக்குப் போனபோது எனக்கு ஒன்பது வயது. வாப்பாவின் சிறிய கடை கடனில் மூடியிருந்தது. இரண்டு வருட ஒப்பந்தம், வீட்டு வேலை. நாங்கள் உம்மும்மாவின் பொறுப்பில் இருந்தோம். உம்மா போகும்போது ஒரு சீ.ஆர். கொப்பி கொண்டுபோனார். திரும்பி வந்தபோது அதன் மூலைகள் சுருண்டிருந்தன. இன்றும் அலமாரியில், பிறப்புச் சான்றிதழ்களோடு இருக்கிறது. முதல் மூன்று மாதச் சம்பளம் முகவரின் செலவுக்கென்று கழிக்கப்பட்டது. பாஸ்போர்ட் எசமானியம்மாவின் அலமாரியில். ரஜபில் தரவேண்டிய சம்பளம் ஷஃபானில் கிடைத்தது. வீட்டுக்கு எடுத்த தொலைபேசி அழைப்புகள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம். கடைசியில் இரண்டு மாதச் சம்பளம் நிலுவை. கொப்பியைத் திறந்து காட்டிக் கேட்டதில் ஒரு மாதச் சம்பளம் கிடைத்தது. மற்றது இல்லை. எல்லாம் உம்மாவின் சாய்ந்த எழுத்தில்.

துண்டைப் பற்றி வாசித்த இரவு உம்மாவிடம் கேட்டேன்.

“உங்கட பாஸ்போர்ட்டும் இப்பிடித்தானே உம்மா?”

உம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சுளகைக் கீழே வைத்தார்.

“நான் அடிமையில்ல மகள். அந்தச் சொல்ல எனக்கு வைக்க வாணாம். நான் சம்பளத்துக்குப் போன, எண்ணி எடுத்த, திரும்பி வந்த. அவங்கட கணக்கு அவங்கட கையில. என்ட கணக்கு என்ட கையில இருந்த.”

எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லாத வரைவிலக்கணம் ஒன்று உம்மாவின் வாயிலிருந்து வந்தது. அடிமை என்பவர் வேறொருவரின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. கப்பலின் பட்டியலில், தோட்டத்தின் சொத்து விபரத்தில், நட்டஈட்டுக் கோரிக்கையில் அவர் இருக்கிறார். தனக்கென்று கணக்கு எழுத அவருக்கு இடமில்லை. எழுதினாலும் அதைக் காட்டிக் கேட்க ஆளில்லை. உம்மா அந்தக் கோட்டுக்கு இப்பால் நின்றார். நாட்டை விட்டுப் போகத் தூண்டிய கடனும், முற்பணமாய்க் கழிந்த சம்பளமும், பூட்டிய அலமாரியும் கோட்டுக்கு அப்பாலிருந்து வந்தவை என்பதும் உண்மை. உம்மாவை இப்பால் நிறுத்தியவை ஒரு ஒப்பந்தம், திரும்பி வருவதற்கு ஒரு நாள், ஒரு கொப்பி. இம்மூன்றில் எது குறைந்தாலும் கோடு நகரும். இதுவும் இல்லாமல் போனவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். வெறுங்கையோடு திரும்பியவர்களை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அடுத்த மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு தாத்தா கட்டார் போகிறார். இரண்டு சிறு பிள்ளைகளின் தாய். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் உம்மா என்னைக் கடைக்கு அனுப்பி நூற்றிருபது பக்கக் கொப்பி ஒன்று வாங்கிவரச் சொன்னார். அந்தத் தாத்தாவை வீட்டுக்குக் கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, கொப்பியைத் திறந்து முதற் பக்கத்தை நிரப்ப வைத்தார். எழுதுவதற்குத் தாத்தாவுக்குக் கூச்சம். ஆகவே உம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பேசிய சம்பளம் எவ்வளவு. யார் முன்னிலையில் பேசியது. எந்தத் திகதியில் தொடங்குகிறது. பாஸ்போர்ட் யாரிடம். நமது தூதரகத்தின் தொலைபேசி இலக்கம். திரும்பி வரும் திகதி.

“இதை ஒவ்வொரு மாசமும் எழுதோணும்” என்றார் உம்மா. “கைக்கு வந்ததையும் எழுதோணும். வராததையும் எழுதோணும்.”